எந்தப் பாடம், எந்த ஆண்டில்? உயர்நிலைப் பள்ளிப் பாடத் தேர்வும் கல்லூரிச் சேர்க்கையும்

தமிழ்நாட்டில் படித்து அமெரிக்காவில் குடியேறிய பெற்றோர் பலருக்குக் கல்லூரிச் சேர்க்கை என்றதும் நினைவுக்கு வருவது கட்-ஆஃப்தான். பதினொன்றில் எந்த குரூப் என்று முடிவாகிவிட்டால், அதற்குப் பிறகு பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வேலையே கிடையாது. எல்லோருக்கும் அதே புத்தகம், அதே வினாத்தாள்; வேறுபடுவது மதிப்பெண் மட்டும். இங்கே நிலைமை வேறு. ஒரே பள்ளியில், ஒரே பதினோராம் வகுப்பில், ஒரு மாணவி கல்லூரிநிலைப் பாடமான ஏபி கால்குலஸ் படிக்கிறாள், அவள் தோழி அல்ஜீப்ரா 2 படிக்கிறாள். இருவருக்கும் ஏ கிரேடு கிடைக்கலாம். ஆனால் அந்த இரண்டு ஏ கிரேடையும் கல்லூரி ஒன்றாக எடைபோடாது.

இந்தப் பாடக் கடினத்தை இங்கே ரிகர் என்கிறார்கள். பாடத் தேர்வில் வழிகாட்டும் பள்ளிக் கவுன்சிலரைப் பார்க்கப் போனால் முதல் ஐந்து நிமிடத்துக்குள் இந்தச் சொல் காதில் விழும். பெற்றோர் நடுவே இதைப் பற்றிய பேச்சோ எண்ணிக்கையில் போய் நின்றுவிடுகிறது: அவர் மகன் பன்னிரண்டு ஏபி, இவர் மகள் பதினான்கு ஏபி. கல்லூரி அந்த எண்ணைத் தனியாக எடுத்துப் பார்ப்பதில்லை. உங்கள் பள்ளியில் என்னென்ன பாடங்கள் கிடைத்தன, அவற்றில் உங்கள் பிள்ளை எவற்றை எடுத்தது, ஆண்டுக்கு ஆண்டு மேலே ஏறியதா என்றுதான் பார்க்கிறது. ஆகவே பெற்றோர் செய்ய வேண்டியது இரண்டு. பள்ளியில் எந்தப் பாடத்துக்கான வழி எப்போது திறக்கிறது, எப்போது அடைபடுகிறது என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். பிள்ளையால் எவ்வளவு சுமை தாங்க முடியும் என்பதைப் பிள்ளையிடமே கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

கல்லூரியின் மேசைக்கு என்ன போகிறது?

விண்ணப்பத்துடன் பள்ளியிலிருந்து முக்கியமாக மூன்று தாள்கள் போகின்றன. முதலாவது டிரான்ஸ்கிரிப்ட். ஒன்பதாம் வகுப்பிலிருந்து எடுத்த எல்லாப் பாடங்களும் கிரேடுகளும் அதில் இருக்கும். இதை எல்லோரும் அறிவார்கள்.

இரண்டாவது, பெற்றோரில் பெரும்பாலோர் கண்ணாலேயே பார்த்திராத ஸ்கூல் புரொஃபைல். இரண்டு பக்கமோ நான்கு பக்கமோ இருக்கும். பள்ளியில் எத்தனை மாணவர்கள், எந்தெந்த ஏபி அல்லது ஐபி பாடங்கள் உண்டு, ஒரு மாணவர் ஆண்டுக்கு எத்தனை ஏபி எடுக்கலாம் என்று கட்டுப்பாடு இருக்கிறதா, கிரேடு சராசரியான ஜிபிஏவை எப்படிக் கணக்கிடுகிறார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். சேர்க்கை அலுவலர் இதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் டிரான்ஸ்கிரிப்டைப் படிக்கிறார். பெரிய கல்லூரிகளில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் அலுவலர் இருப்பார். அந்த வட்டாரத்துப் பள்ளிகள் அவருக்குப் பழக்கமானவை. உங்கள் பள்ளியின் புரொஃபைல் பெரும்பாலும் கவுன்சிலிங் பிரிவின் இணையப் பக்கத்திலேயே கிடைக்கும். இந்த அத்தியாயத்தைப் படித்து முடித்ததும் முதல் வேலையாக அதை எடுத்துப் படியுங்கள்.

மூன்றாவது கவுன்சிலர் நிரப்பும் படிவம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட கல்லூரிகள் பயன்படுத்தும் காமன் ஆப் விண்ணப்பத்தில், கவுன்சிலரிடம் ஒரு கேள்வி இருக்கிறது: உங்கள் பள்ளியில் கல்லூரிக்குத் தயாராகும் மற்ற மாணவர்களோடு ஒப்பிட்டால் இவருடைய பாடத் தேர்வு எவ்வளவு கடினமானது? விடையாக ஐந்து நிலைகள் கொடுக்கப்பட்டிருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே இருப்பது ‘மிகக் கடினமானது’ என்ற நிலை. அந்தப் பெட்டியில் டிக் விழ எத்தனை பாடம், எவை வேண்டும் என்பதைப் பள்ளிதான் தீர்மானிக்கிறது. சில பள்ளிகளில் எழுதிவைத்த விதியே உண்டு. சிலவற்றில் கவுன்சிலரின் கணிப்புதான். ஒன்பதாம் வகுப்பின் தொடக்கத்திலேயே இதை நேரடியாகக் கேட்கலாம், கேட்பதில் தவறொன்றும் இல்லை: “நம் பள்ளியில் அந்த மேல்நிலைக்கு எதைக் கணக்கில் எடுத்துக்கொள்கிறீர்கள்?”

ஒரு கல்லூரி இதற்கு எவ்வளவு இடம் கொடுக்கிறது என்பதை ஊகிக்க வேண்டியதில்லை. காமன் டேட்டா செட் என்ற பொதுப் படிவத்தைப் பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. அதில் சி7 என்ற பகுதியில், சேர்க்கையில் பார்க்கும் காரணிகளின் பட்டியல் இருக்கும். முதல் வரியே பாடக் கடினம்தான். ஒவ்வொரு காரணியும் மிக முக்கியமா, முக்கியமா, கருத்தில் கொள்ளப்படுமா, பார்க்கப்படாதா என்று கல்லூரி குறித்திருக்கும். கல்லூரியின் பெயரோடு ‘காமன் டேட்டா செட்’ என்று தேடினால் கிடைத்துவிடும். கல்லூரி தானே எழுதிக் கொடுத்த இந்த ஒரு பக்கம், விருந்துகளில் கேட்கும் பத்துக் கதைகளைவிட நம்பகமானது.

ஓர் எச்சரிக்கையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஹார்வர்ட், ஸ்டான்ஃபோர்ட், எம்ஐடி போன்றவை விண்ணப்பிப்பவர்களில் 5 சதவீதத்துக்கும் குறைவானவர்களையே எடுக்கின்றன. விண்ணப்பிப்பவர்களில் பெரும்பங்கினர் கடினமான பாடங்களைப் படித்தவர்கள்தாம். அங்கே பாடக் கடினம் உங்கள் பிள்ளையை வரிசையில் நிற்க வைக்கும். இடம் வாங்கித் தராது. இதை மனத்தில் வாங்கிக்கொண்ட குடும்பங்கள் பிள்ளையின் உறக்கத்தைக் காப்பாற்றிவிடுகின்றன.

ஏபி, ஐபி, ஆனர்ஸ், கல்லூரி வகுப்பு

ஏபி பாடங்களை நடத்துவது காலேஜ் போர்டு. ஏறத்தாழ நாற்பது பாடங்கள் உண்டு. மே மாதத்தில் தேர்வு, 1 முதல் 5 வரை மதிப்பீடு. வகுப்பில் வாங்கும் கிரேடு வேறு, மே தேர்வின் மதிப்பெண் வேறு. டிரான்ஸ்கிரிப்டில் ஏறுவது வகுப்பு கிரேடு. பன்னிரண்டாம் வகுப்பில் எழுதும் ஏபி தேர்வின் மதிப்பெண் ஜூலையில்தான் வரும், அதற்குள் சேர்க்கை முடிந்திருக்கும்.

ஐபி டிப்ளமோ இரண்டாண்டுப் படிப்பு. ஆறு பாடங்கள், அவற்றில் பொதுவாக மூன்று உயர்நிலை. கூடவே நீண்ட ஆய்வுக் கட்டுரையும் அறிவுக் கோட்பாடு என்ற பாடமும். மொத்தம் 45 புள்ளிகள். எழுத்தில் ஆர்வமுள்ள பிள்ளைக்கு இது நல்ல வளர்ப்பு. கணிதத்திலும் அறிவியலிலும் மட்டும் வேகமாக ஓட விரும்பும் பிள்ளைக்கு ஏபிதான் தோது. இரண்டில் எது உயர்ந்தது என்ற விவாதத்துக்குச் சேர்க்கை அலுவலகத்தில் மதிப்பில்லை. பள்ளியில் எது இருக்கிறதோ அதில் மேலே போக வேண்டும்.

ஏபி என்ற பெயரே இல்லாத நல்ல பள்ளிகளும் உண்டு. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கார்ஸ்டேல் உயர்நிலைப் பள்ளி ஏபியை விட்டுவிட்டுத் தன் ஆசிரியர்கள் வகுத்த உயர்நிலைப் பாடங்களுக்கு மாறியது. வாஷிங்டன் நகரைச் சுற்றியுள்ள எட்டுத் தனியார் பள்ளிகள், 2022க்குள் ஏபியைக் கைவிடப்போவதாக 2018இல் சேர்ந்து அறிவித்தன. அந்தப் பள்ளிகளின் மாணவர்களைக் கல்லூரிகள் தயங்காமல் எடுத்துக்கொண்டுதான் இருக்கின்றன. ஸ்கூல் புரொஃபைல் இருப்பதன் பயன் இதுதான்.

டூயல் என்ரோல்மென்ட், அதாவது பள்ளியில் இருந்துகொண்டே கம்யூனிட்டி காலேஜில் பாடம் எடுப்பது, பல குடும்பங்கள் குறைவாக மதிக்கும் நல்ல வழி. மினசோட்டா 1985லேயே மாநிலச் சட்டம் போட்டு இதைத் தொடங்கியது. வாஷிங்டன் மாநிலத்தில் ரன்னிங் ஸ்டார்ட் என்ற பெயரில் நடக்கிறது. கலிஃபோர்னியாவில் பகுதிநேரமாகப் படிக்கும் பள்ளி மாணவர்களுக்குச் சேர்க்கைக் கட்டணமும் தள்ளுபடி. பள்ளியில் ஏபி இல்லாத பாடத்துக்கும், ஏபியைத் தாண்டிய கணிதத்துக்கும் இது கைகொடுக்கும். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அங்கே வாங்கும் கிரேடு நிரந்தரமான கல்லூரிப் பதிவு. பின்னாளில் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது, பதினாறு வயதில் எடுத்த அந்தப் பாடத்தின் கிரேடையும் சமர்ப்பித்தாக வேண்டும். பிள்ளையை டாக்டராக்கும் கனவோடு கோடை விடுமுறையில் அவசர அவசரமாகக் கல்லூரி வேதியியலில் சேர்ப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கணிதம்: முடிவு நடுநிலைப் பள்ளியிலேயே

நான்கு ஆண்டுத் திட்டத்தில் வேறெந்தப் பாடத்தையும் ஓராண்டு தாமதமாகச் சரிசெய்துவிடலாம். கணிதத்தில் அது கடினம், ஏனென்றால் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கப்பட்ட வரிசை அது: அல்ஜீப்ரா 1, ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீகால்குலஸ், கால்குலஸ். ஐந்து ஆண்டுப் பாடம், உயர்நிலைப் பள்ளியோ நான்கே ஆண்டு. பன்னிரண்டில் கால்குலஸ் படிக்க வேண்டுமானால் எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்திருக்க வேண்டும். அதற்கான தகுதித் தேர்வு பல பள்ளி மாவட்டங்களில் ஆறாம் வகுப்பு முடிவில் நடக்கிறது. பதினோரு வயதுப் பிள்ளையின் ஒரு மதியநேரத் தேர்வு, பதினேழு வயதில் எந்த வகுப்பில் உட்காரும் என்பதைப் பாதி முடிவு செய்துவிடுகிறது. இது நியாயமான ஏற்பாடு என்று எனக்குத் தோன்றவில்லை. இருந்தாலும் தெரிந்துவைத்திருப்பவர்கள் தப்பிக்கிறார்கள், தெரியாதவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் நடந்ததே இதற்குச் சான்று. 2014இல் அந்த நகரத்தின் பள்ளி மாவட்டம், வசதியுள்ள பிள்ளைகளும் மற்றவர்களும் இரண்டாகப் பிரிவதைத் தடுக்கும் நோக்கத்துடன், எட்டாம் வகுப்பு அல்ஜீப்ராவை எடுத்துவிட்டு எல்லோருக்கும் ஒன்பதில் வைத்தது. நோக்கம் நல்லது. ஆனால் பணமும் தகவலும் உள்ள குடும்பங்கள் வெளியே தனியாகப் படிக்க வைத்து முன்னே போயின. இல்லாதவர்கள் பள்ளி கொடுத்த வரிசையிலேயே நின்றார்கள். பத்தாண்டு வாதத்துக்குப் பிறகு 2024இல் அல்ஜீப்ராவை எட்டாம் வகுப்புக்குத் திரும்பக் கொண்டுவர மாவட்டம் முடிவெடுத்தது.

எட்டாம் வகுப்பில் அந்த வாய்ப்பைத் தவறவிட்ட பிள்ளைக்கு வழியே இல்லையா? இருக்கிறது. பத்தில் ஜியாமெட்ரியும் அல்ஜீப்ரா 2வும் ஒரே ஆண்டில் சேர்த்து எடுக்கச் சில பள்ளிகள் அனுமதிக்கும். அல்ஜீப்ரா 2வையும் பிரீகால்குலஸையும் ஓராண்டில் சுருக்கி நடத்தும் பள்ளிகளும் உண்டு. கோடையில் ஜியாமெட்ரியை முடிப்பது மற்றொரு வழி. ஆனால் அல்ஜீப்ரா 2வை மட்டும் ஆறு வாரக் கோடை வகுப்பில் ஓட்டிவிடாதீர்கள். கால்குலஸில் பிள்ளைகள் தடுமாறுவது பெரும்பாலும் கால்குலஸால் அல்ல. பின்னத்தையும் அடுக்குக்குறியையும் சமன்பாட்டைச் சுருக்குவதையும் கை பழகும்வரை போடாததால்தான்.

புள்ளியியலா, கால்குலஸா என்ற கேள்வியும் வரும். பொறியியல், கணினி அறிவியல், இயற்பியல், பொருளாதாரம் என்ற திசையில் போகிற பிள்ளைக்குக் கால்குலஸ் வேண்டும். எம்ஐடி தன் பரிந்துரைப் பட்டியலில் கால்குலஸ் வரையிலான கணிதத்தோடு இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றையும் கேட்கிறது. உளவியலோ இதழியலோ படிக்க விரும்பும் பிள்ளைக்கு ஏபி புள்ளியியல் உண்மையிலேயே அதிகப் பயன் தரும். ஆனால் அதை அல்ஜீப்ரா 2வுக்கு மாற்றாக எடுக்கக் கூடாது. டேட்டா சயின்ஸ் என்ற பெயரில் வந்த அறிமுகப் பாடங்கள் அல்ஜீப்ரா 2வின் இடத்தை நிரப்பாது என்று கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் குழு 2023இல் தெளிவாக்கியது. பெயரைப் பார்த்து மயங்கிவிடாமல் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

ஐந்து துறைகள், நான்கு ஆண்டுகள்

ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு அல்லது சமூக அறிவியல், ஒரு பிறமொழி. இந்த ஐந்தையும் நான்கு ஆண்டும் விடாமல் படித்த டிரான்ஸ்கிரிப்டுக்குத் தனி மதிப்பு. நம் குடும்பங்களில் அறிவியலுக்காக மற்றதைத் தியாகம் செய்யும் பழக்கம் வலுவாக இருக்கிறது. ஸ்பானிஷை இரண்டாண்டில் நிறுத்திவிட்டு அந்த இடத்தில் இன்னொரு கணினிப் பாடம், வரலாற்றைச் சாதாரண வகுப்பில் தள்ளிவிட்டு ஏபி வேதியியல். பொறியியலுக்குப் போகிற பிள்ளைக்கு எதற்கு வரலாறு என்று அப்பா கேட்பார். சேர்க்கை அலுவலர் அதே தாளைப் பார்த்து, எழுதவும் வாசிக்கவும் வேண்டிய இடங்களில் இந்த மாணவர் ஒதுங்கிக்கொண்டார் என்று படிப்பார். ஹார்வர்ட் தன் பரிந்துரையில் ஒரே பிறமொழியை நான்கு ஆண்டுகள் படிக்கச் சொல்கிறது. இரண்டு மொழிகளை இரண்டிரண்டு ஆண்டு தொட்டுப் பார்ப்பது அதற்கு ஈடாகாது.

இங்கே தமிழுக்கும் ஓர் இடம் இருக்கிறது, பலர் அதைப் பயன்படுத்துவதில்லை. ஏபியில் தமிழ் கிடையாது. ஆனால் வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பல ஆண்டுகள் படித்த பிள்ளைக்குப் பிறமொழிக் கிரெடிட் கொடுக்கும் பள்ளி மாவட்டங்கள் சில உள்ளன. கலிஃபோர்னியா 2012இல் நடைமுறைப்படுத்திய சீல் ஆஃப் பைலிட்டரசி எனப்படும் இருமொழித் தேர்ச்சி முத்திரை இன்று நாடெங்கும் பரவியிருக்கிறது. அதற்கான திறன் தேர்வைத் தமிழில் எழுத வழியுண்டு. மாவட்டத்துக்கு மாவட்டம் விதி மாறும் என்பதால், ஒன்பதாம் வகுப்பிலேயே கவுன்சிலரிடம் எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் பெற்றோரிடம் சொல்வது: தமிழ் முத்திரையையும் வாங்குங்கள், பள்ளியில் ஒரு மொழியையும் குறைந்தது மூன்றாம் நிலை வரை கொண்டுபோங்கள். தமிழை மட்டும் காட்டிப் பள்ளி மொழியை விடுவதைக் கல்லூரி ஏற்குமா என்பது ஒவ்வொரு கல்லூரியிலும் தனியாகக் கேட்டுத் தெளிய வேண்டிய விஷயம்.

எத்தனை ஏபி போதும்?

எண் கேட்காத பெற்றோரே இல்லை. பள்ளி எட்டு ஏபி மட்டும் நடத்தினால் ஐந்து எடுத்த பிள்ளை அங்கே முன்னணியில் இருக்கும். இருபத்தைந்து நடத்தும் பள்ளியில் அதே ஐந்து நடுவரிசை. ஆகவே ஊருக்கெல்லாம் பொருந்தும் எண் கிடையாது. ஒரு சான்று மட்டும் சொல்கிறேன். சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினாப் பல்கலைக்கழகம், தன்னிடம் சேர்ந்த மாணவர்கள் பள்ளியில் எத்தனை கல்லூரிநிலைப் பாடங்கள் படித்தார்கள், முதலாண்டில் எப்படிச் செய்தார்கள் என்று ஒப்பிட்டுப் பார்த்தது. ஐந்து பாடங்கள் வரை பயன் கூடிக்கொண்டே போனது. அதைத் தாண்டி எடுத்தவர்கள் முதலாண்டில் குறிப்பிடும்படி மேலே போய்விடவில்லை.

எண்ணைவிட எந்தப் பாடம் என்பது முக்கியம். ஏபி என்ற எழுத்து ஒட்டியிருப்பதால் எல்லாம் ஒரே எடை ஆகிவிடாது. ஹ்யூமன் ஜியாகிரஃபி பல பள்ளிகளில் ஒன்பதாம் வகுப்பிலேயே எடுக்கும் பாடம். கால்குலஸ் பிசி, இயற்பியல் சி, வேதியியல், ஆங்கில இலக்கியம், அமெரிக்க வரலாறு ஆகியவை வேறு தரத்தவை. பட்டியலை நீட்டுவதற்காக மூன்று எளிய ஏபி சேர்ப்பதைவிட, பிள்ளை போக விரும்பும் துறையோடு தொடர்புள்ள ஒரு கடினப் பாடத்தை நன்றாகப் படிப்பது மேல். இயற்பியலில் ஆசையுள்ளவன் கால்குலஸை அடிப்படையாகக் கொண்ட இயற்பியல் சியைத் தவிர்த்துவிட்டு வேறு ஐந்து ஏபி எடுத்தால், அந்தத் தவிர்ப்புதான் கண்ணில் படும்.

கடினப் பாடத்தில் பி நல்லதா, சாதாரணப் பாடத்தில் ஏ நல்லதா? மிகக் கடுமையாக வடிகட்டும் கல்லூரிகளில் இடம் பெறுபவர்கள் பெரும்பாலும் கடினப் பாடத்திலேயே ஏ வாங்கியவர்கள், அதை மறைப்பதில் பயனில்லை. அதற்கு அடுத்த வட்டத்தில், எட்டுக் கடினப் பாடங்களுக்கு நடுவே இரண்டு பி இருப்பது யாரையும் கெடுத்துவிடாது. சி வரிசையாக வர ஆரம்பித்தால் நிலைமை வேறு. அது சுமை அளவு மீறியதற்கான அறிகுறி, அடுத்த ஆண்டுத் திட்டத்தை மாற்றியாக வேண்டும்.

அளவு மீறுவதை எப்படி முன்கூட்டித் தெரிந்துகொள்வது? அடுத்த ஆண்டுக்கான பாடப் பதிவு செய்யும்போது, ஒவ்வொரு பாடத்துக்கும் வாரத்தில் எத்தனை மணி நேர வீட்டுவேலை என்று அந்தப் பாடத்தை இப்போது படிக்கும் மாணவர்கள் இருவரிடம் கேளுங்கள். அதோடு நீச்சல், வயலின், நடன வகுப்பு, போக்குவரத்து நேரம் எல்லாவற்றையும் ஒரு வாரத் தாளில் எழுதுங்கள். இரவு எட்டு மணி நேரத் தூக்கத்தை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுங்கள். தாளில் இடம் இல்லாதது பிள்ளையின் வாழ்க்கையிலும் இல்லை.

நியூ ஜெர்சியில் இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழும் வெஸ்ட் வின்ட்சர்–பிளெயின்ஸ்பரோ மாவட்டத்தில், பிள்ளைகளின் மன அழுத்தம் அதிகமானதைக் கண்டு நிர்வாகம் 2015இல் சில சீர்திருத்தங்களைக் கொண்டுவந்தது. நான்கு, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான வேகக் கணித வகுப்பும், உயர்நிலைப் பள்ளியின் பருவத் தேர்வுகளும் நிறுத்தப்பட்டன. பெற்றோர் இரண்டு அணியாகப் பிரிந்தார்கள். ஆசியக் குடும்பங்கள் பல எதிர்த்தன. தங்கள் பிள்ளைகளின் உழைப்பை யாரோ குறைக்கிறார்கள் என்ற அவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. தேர்வு ஒன்றின் வழியாகவே வறுமையிலிருந்து மேலே வந்தவர்கள் நம்மில் எத்தனையோ பேர். ஆனாலும் தூக்கமில்லாமல் அழுகிற பதினைந்து வயதுப் பிள்ளை வீட்டில் இருந்தால், பதினான்காவது ஏபி அங்கே விவாதத்துக்கே வரக் கூடாது.

கலிஃபோர்னியாவும் டெக்சாஸும்

இந்த இரண்டு மாநிலங்களில் வாழ்வோருக்குத் தனி விதிகள். கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வளாகங்கள் ஏ-ஜி என்ற பதினைந்து ஓராண்டுப் பாடங்களின் பட்டியலைக் கேட்கின்றன. அவற்றில் பதினொன்றைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு முன் முடிக்க வேண்டும். கணிதம் மூன்றாண்டு கட்டாயம், நான்கு பரிந்துரை, அறிவியல் இரண்டு, பரிந்துரை மூன்று, மொழியும் அப்படியே. காட்சிக்கலை அல்லது நிகழ்த்துகலையில் ஓராண்டு வேண்டும். இதை மறந்துவிட்டுப் பன்னிரண்டில் ஓடுபவர்கள் அதிகம். வீட்டு பரதநாட்டிய வகுப்பை அதற்குக் கணக்காகக் காட்ட முடியாது, பள்ளியின் அங்கீகரிக்கப்பட்ட பாடமாக இருக்க வேண்டும். ஜிபிஏ கணக்கில் பத்தாம், பதினோராம் வகுப்புகளின் கிரேடுகள் மட்டும் சேரும். கடினப் பாடத்துக்கான கூடுதல் புள்ளி எட்டு செமஸ்டர்களுக்கு மேல் கிடையாது, அதிலும் பத்தாம் வகுப்பிலிருந்து நான்குக்கு மேல் எடுக்க மாட்டார்கள். எஸ்ஏடி மதிப்பெண்ணைப் பார்ப்பதே இல்லை என்பதால் பாடமும் கிரேடும் இங்கே இன்னும் கனமாகின்றன. கவுன்சிலர் படிவமும் கிடையாது; மாணவர் தானே பாடங்களை உள்ளிட வேண்டும். ஓர் எழுத்தும் பிசகாமல் டிரான்ஸ்கிரிப்டைப் பார்த்து நிரப்புங்கள்.

டெக்சாஸில் 1997ஆம் ஆண்டுச் சட்டப்படி, வகுப்பின் முன்வரிசை மாணவர்களுக்கு மாநிலப் பல்கலைக்கழகங்களில் இடம் உறுதி. ஆஸ்டின் வளாகத்துக்கு மட்டும் அந்த எல்லை சுருங்கி 6 சதவீதமாக இருந்தது. 2026 இலையுதிர்ச் சேர்க்கையிலிருந்து 5 சதவீதம். ரேங்க் பெரும்பாலும், கடினப் பாடத்துக்குக் கூடுதல் புள்ளி தரும் வெயிட்டட் ஜிபிஏவில் கணக்கிடப்படுவதால் பாடத் தேர்வு நேரடியாக ரேங்கில் விழுகிறது. எந்தப் பாடங்கள் ஜிபிஏவில் சேரும் என்ற மாவட்ட விதியைப் படியுங்கள். ஆர்கெஸ்ட்ரா போன்ற பாடம் சராசரியைக் கீழே இழுக்குமா, விலக்கு உண்டா என்பதெல்லாம் அதில் இருக்கும். உறுதியான இடம் பல்கலைக்கழகத்துக்குத்தான். கணினி அறிவியலுக்கோ பொறியியலுக்கோ தனிப் போட்டி.

பள்ளியில் பாடமே இல்லையென்றால்

சிறிய ஊர்ப் பள்ளிகளில் இயற்பியல் ஆசிரியர் இருக்க மாட்டார், கால்குலஸ் வகுப்பு இருக்காது. அதற்காகப் பிள்ளை குற்றவாளி ஆகாது. கால்குலஸ், இயற்பியல், வேதியியல் மூன்றையும் கட்டாயமாக வைத்திருந்த கால்டெக், அவை பள்ளியில் கிடைக்காதவர்கள் கான் அகாடமியில் படித்துத் தேர்ச்சி காட்டலாம் என்று 2023இல் வழி திறந்தது. கம்யூனிட்டி காலேஜ், மாநிலத்தின் இணையவழிப் பள்ளி ஆகியவையும் உண்டு. எதைத் தேடினோம், ஏன் கிடைக்கவில்லை என்பதைக் கவுன்சிலர் தன் கடிதத்தில் இரண்டு வரி எழுதினால் போதும். விண்ணப்பத்தின் கூடுதல் தகவல் பகுதியிலும் மாணவர் சுருக்கமாகச் சொல்லலாம்.

இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் உறவினர் பிள்ளைகளுக்கும் இதே நியாயம்தான். மாநிலப் பாடத்திட்டத்திலோ சிபிஎஸ்இயிலோ படிப்பவரிடம் ஏபி எங்கே என்று யாரும் கேட்பதில்லை. ஆனால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை நான்கு ஆண்டு மதிப்பெண்ணும் பார்க்கப்படும். பதினொன்றை ஒப்புக்குப் படித்துவிட்டுப் பன்னிரண்டில் மட்டும் உழைத்தவர்களுக்கு அது இடிக்கும்.

பன்னிரண்டாம் வகுப்பில்

நவம்பரில் விண்ணப்பம் போட்டதும் எல்லாம் முடிந்தது என்ற எண்ணம் பிள்ளைகளுக்கு வருவது இயல்பு. ஆனால் காமன் ஆப் விண்ணப்பத்திலேயே பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்கள் கேட்கப்படுகின்றன. குளிர்காலத்தில் பள்ளி இடையாண்டு அறிக்கை அனுப்பும், கோடையில் இறுதி டிரான்ஸ்கிரிப்ட் போகும். இடம் கொடுத்த கடிதம் இந்த இறுதித் தாளுக்கு உட்பட்டது. டி வாங்கினாலோ சொல்லாமல் பாடத்தை விட்டாலோ கொடுத்த இடத்தைத் திரும்பப் பெறும் உரிமை கல்லூரிக்கு உண்டு. பதினொன்றில் நான்கு கடினப் பாடம் எடுத்துவிட்டுப் பன்னிரண்டில் ஒன்றாகக் குறைப்பதும் கண்ணில் படும்.

ஆனால் அக்டோபரில் மகள் வந்து, “அப்பா, இந்த இயற்பியல் வகுப்பை என்னால் தொடர முடியலப்பா” என்றால் என்ன செய்வது? முதலில் பள்ளியின் கடைசித் தேதியைப் பாருங்கள். அதற்குள் விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் தடமே இருக்காது, தாண்டினால் டபிள்யூ என்று ஏறும். முழுதாக விடாமல் அதே பாடத்தின் ஆனர்ஸ் வகுப்புக்கு, அதாவது ஏபிக்கு ஒரு படி கீழே, இறங்க முடியுமா என்று கவுன்சிலரிடம் கேளுங்கள். அறிவியல் இல்லாத பன்னிரண்டாம் ஆண்டைவிட அது எவ்வளவோ மேல். மாற்றம் முடிவானதும் விண்ணப்பித்த எல்லாக் கல்லூரிகளுக்கும் ஒரே வாரத்தில் தகவல் போக வேண்டும். என்ன மாற்றினேன், ஏன், இப்போது என்னென்ன படிக்கிறேன் என்று மூன்று வரி போதும். அந்த மின்னஞ்சலை மகளே எழுதித் தன் முகவரியிலிருந்து அனுப்பட்டும், கவுன்சிலருக்கும் ஒரு நகல் போகட்டும்.